நாலு மணி டீக்குப் பன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் நடந்த அன்று இது நடந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பகுதியில் நான் கருகிய மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி போலீஸ் கான்ஸ்டபிள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லாம் அதனால் வந்ததுதான்.

முந்தின வாரம் அவள் போனில் பன் சுடும் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே, டிரெயினிங்கில் இருந்தபோது இப்படிச் சுடச்சுடச் சாப்பிட்டதைச் சொன்னாள். “இதென்ன பெரிய வித்தை? தேர் அன்னைக்கு நானே சுட்டு, நீ டூட்டி பாக்குற எடத்துக்கே கொண்டாந்து தாரேன்” என்று அளந்துவிட்டேன். அவள் அதை அப்படியே நம்பி, கூட வேலை பார்க்கும் ஆறு பெண் போலீசாரிடம் சொல்லிவிட்டாள். “மோட்டார் கட்டுறவரு பன்னு சுடுவாராக்கும்!” என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவளுக்கு ரோஷம் வந்து, நாலு மணி டீக்குப் பன் வந்தே தீரும் என்று சவால் விட்டுவிட்டாள். நானோ அதுவரை வெந்நீர் தவிர அடுப்பில் எதையும் வைத்தவன் இல்லை.

தேரன்று விடியுமுன்பே அவள் கிளம்பிப் போனாள். நான் பாலைக் காய்ச்சி, பொங்கிய சூட்டிலேயே ஈஸ்ட்டைக் கொட்டினேன். சூடு கூடக்கூட மாவு சீக்கிரம் உப்பும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மைதாவைப் போட்டுப் பிசைந்து மூடிவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், வைத்தது வைத்தபடி கிடந்தது. என் மானம் போனால் பரவாயில்லை. நாலு பேர் முன்னால் அவள் அல்லவா தலைகுனிந்து நிற்பாள்!

அந்த நேரம் பார்த்து மம்சாபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்து நின்றார். அவருடைய கிணற்று மோட்டாரை மதியத்துக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன். காயில் கட்டியாயிற்று, கனெக்‌ஷன் கொடுப்பதுதான் பாக்கி.

“கத்தரிச்செடி வாடுது தம்பி. நல்லா ஓடுன மோட்டாரு, ஏன்தான் கருகுச்சோ?”

“லோடு தாங்காம சூடேறிருச்சு அண்ணாச்சி. அம்புட்டு சூட்டுல எது பொழைக்கும்?”

சொல்லி வாயை மூடவில்லை, எனக்குப் பொறி தட்டியது. ஈஸ்ட்டையும் நான் அப்படித்தான் கொன்றிருக்கிறேன்!

தினமும் புறங்கையை வைத்துத்தான் மோட்டார் சூடு பார்ப்பேன். மறுபடி பால் காய்ச்சி, அதே புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பான பிறகு மீதி ஈஸ்ட்டைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் நுரைத்து மேலே வந்தது. கருகிய மோட்டார் மறுபடி ஓடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு.

ஆனால் மணி பதினொன்று. மாவில் கை வைத்தால் மோட்டார் வேலை நிற்கும். மோட்டாரைத் தொட்டால் கையெல்லாம் கிரீஸ். நான் முழிப்பதைப் பார்த்து அவர் என்னவென்று கேட்டார். சொன்னதும் அடக்கமாட்டாமல் சிரித்தார். பிறகு சோப்பு வாங்கி முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்.

“அந்தப் புள்ள நாலு பேர்ட்ட சொல்லிட்டுல்லா நிக்குது. நீ மோட்டாரப் பாரு, மாவ எங்கிட்ட தா.”

கொஞ்ச நேரத்தில், “ஏ தம்பி, இது கைய விட மாட்டேங்கே!” என்று சத்தம் போட்டார்.

“செத்த நேரம் பிசைங்க அண்ணாச்சி, பொறவு தானா விடும்” என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்தே பன் சுட்டவன் போல.

மோட்டாரை ஓட்டிக் காட்டியபோது மாவு இரண்டு மடங்காக உப்பியிருந்தது. ஆளுக்கு எட்டு உருண்டை பிடித்தோம். அவர் பிடித்தவை ஒவ்வொன்றும் ஒரு தினுசு. மறுபடி உப்பவிட்டு, கல்யாணப் பரிசாக வந்து அட்டைப்பெட்டியிலேயே கிடந்த சின்ன எலெக்ட்ரிக் ஓவனில் இரண்டு ஈடாகச் சுட்டோம். மோட்டாரை வண்டியில் ஏற்றிய பிறகும் அவர் போகவில்லை. “செடி இம்புட்டு நேரம் தாங்குச்சு, இன்னும் அரைமணி தாங்கும்” என்றார். ஆளுக்கு ஒன்று பிய்த்துத் தின்றோம். பஞ்சு போல இருந்தது. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதிப் பதினான்கையும் எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, துண்டால் சுற்றிக்கொண்டு பைக்கில் பறந்தேன். தேர் நிலைக்கு வந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாலே கால்.

“கடையில வாங்கி டப்பாவுல மாத்திட்டீகளோ?” என்றார் ஒரு பெண் போலீஸ். அண்ணாச்சியின் கோணல் பன் ஒன்றை எடுத்து நீட்டினேன். “எந்தக் கடையில இப்படி விப்பாக?” அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் டப்பா காலி. “எங்க வீட்டுக்காரர் சுட்டது” என்று, போகிற வருகிறவர்களுக்கும் கேட்கும்படி என் மனைவி மூன்று தடவை சொன்னாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். தடுப்புக்கட்டை ஓரத்து ஸ்டூலில் எட்டு கிளாஸ் டீ, பன் வந்த பரபரப்பில் யாரும் தொடாமல், ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. எட்டாவது எனக்கு. நாலு மணி அடித்ததுமே சொல்லி வாங்கி வைத்திருக்கிறாள்.

“நான் வராமப் போயிருந்தா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வருவீகன்னு தெரியும்லா” என்று கிளாஸை என் கையில் கொடுத்தாள்.

பன் இப்போது மாதம் ஒரு தடவையாவது சுடுகிறேன், வாயும் குறைந்தபாடில்லை. ஆனாலும் எதையாவது அளந்துவிடுமுன் ஒரு நொடி நின்று யோசிக்கிறேன், அதை நம்பி எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைக்க ஒருத்தி இருக்கிறாளே.