கிளாஸ் ஏ, கிளாஸ் டி, நடுவில் நான்

வாடிக்கையாளர் கண்ணை மூடிப் பாட்டு கேட்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தவிப்பதுதான் ஆம்ப்ளிஃபயர் விற்கும் தொழில். அதில் மூன்று ரகம். கிளாஸ் ஏ இனிமை என்பார்கள். சும்மா இருந்தாலும் கொதிக்கும். கிளாஸ் டி சின்னது, அவ்வளவாகச் சூடாகாது; ‘உயிர் இல்லை’ என்பார்கள். ஏபி இரண்டுக்கும் நடுவில். எது உசத்தி என்று வீட்டில் சண்டை போட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மேடவாக்கத்தில் மே மாதம்

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவர், கிளாஸ் ஏ-தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லிஃப்ட் ஓடவில்லை. முப்பது கிலோ பெட்டியை நாலாவது மாடிக்குத் தூக்கிப் போனேன். அரை மணியில் அதன் மூடியில் கை வைக்க முடியவில்லை, ஹாலே தகித்தது. ஏசியைப் போட்டார். அது போட்ட இரைச்சலில் வீணை காணாமல் போனது. நிறுத்தினால் வியர்வை, போட்டால் இரைச்சல். எழுந்து எழுந்து ரிமோட்டை அமுக்கினார். கடைசியில் அவர் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“பாட்டு வேணுமா, காத்து வேணுமா? ஒண்ணைச் சொல்லிட்டு உக்காருங்க.”

திரைக்குப் பின்னால் மெர்சி

கிளாஸ் டி-யைப் பத்து நொடியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எங்கள் தாம்பரம் கடையில் பல வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். பில் போடும் மெர்சிக்குச் சந்தேகம். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், ஏபி-யையும் டி-யையும் திரைக்குப் பின்னால் வைத்து, ஒரே சத்தத்தில், ஒரே பாட்டை மூன்று முறை போட்டாள். முதலாவது ஏபி, குரலில் சதைப்பற்று இருக்கிறது என்றேன். இரண்டாவது டி, வறட்சி. மூன்றாவது மறுபடி ஏபி. அடித்துச் சொன்னேன். மெர்சி திரையை விலக்கினாள்.

“அண்ணா, நான் மாத்தவே இல்ல. மூணு தடவையும் பாடினது டி-தான்.”

அதற்கப்புறம் வீட்டில்

அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. ஒயரைக் கழற்றுவேன், மாட்டுவேன், ஸ்பீக்கரை நகர்த்துவேன், சோபாவில் உட்காருவேன், பல்லவி முடிவதற்குள் எழுந்துவிடுவேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“அது ரிப்பேர் இல்ல, நீங்கதான் ரிப்பேர்.”

வண்டலூர் வாத்தியார்

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஞானசேகரன் சார், வண்டலூரிலிருந்து மனைவியோடு வந்தார். மூன்று ரகத்தையும் மாற்றி மாற்றிப் போட்டேன். எல்லாம் ஒன்றுதான் என்றார். நம்ம கட்சிக்கு ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அப்போது பாட்டில் ஜால்ரா வந்தது. கூட வந்த அம்மாவின் விரல் தாளம் போட்டது. “ஜால்ரா எப்படி சார்?” என்றேன். “எங்க ஜால்ரா?” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

விலை கூடியதை அவர் தலையில் கட்டியிருக்கலாம், மனசு வரவில்லை. டாக்டரிடம் ஒரு தடவை காதைக் காட்டுங்கள் என்றேன். முகம் சிவக்க எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். சார் காதில் ஹியரிங் எய்ட். “இந்த மாதிரி மிஷினுக்குள்ளயும் பெரும்பாலும் கிளாஸ் டி-தான் சார்” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப டி-யைக் காதுலயே மாட்டியாச்சு. அந்த ஜால்ரா வர்ற இடத்தைப் போடுங்க தம்பி, கேப்போம்.”

பெட்டிகளுக்கு மார்க் போடத்தான் நாங்கள் கடையைத் திறந்து வைத்திருக்கிறோம், ஆனால் பரீட்சை எழுதி ஃபெயிலாவதெல்லாம் காதுகள்தான்.