வீட்டுக்கு வந்துவிட்டார்

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது. கோவில்பட்டியில் போன் கடை வைத்திருக்கும் செல்வகணேஷைக் கேட்டால் பாதியைச் சொல்வான். மீதி என் வீட்டில் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் நானும் விஜியும் ஒரே மாதிரி போன் வாங்கினோம். நாங்கள் கேட்காத ஆப்கள் அதில் ஏற்கெனவே குடியிருந்தன. சீட்டாட்டம், ஜாதகம், கடன் வேண்டுமா என்று நச்சரிக்கும் ஒன்று. அதோடு 'குடும்பத் துணை'. விஜி விளையாட்டாக அதில் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து அவள் திரும்பியதும் என் போனில் மணி அடிக்கும். 'விஜி வீட்டுக்கு வந்துவிட்டார்.' காலையில், 'விஜி வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார்.'

அவள் ஸ்கூட்டியை லாரி தட்டிவிட்டுப் போன அன்று, பைபாஸ் ஓரத்து ஓடையில் இருட்டும்வரை கிடந்தாள். யாரும் பார்க்கவில்லை. அன்று மட்டும் அந்த ஆப் வாயைத் திறக்கவில்லை. நான் மில்லில் உட்கார்ந்து, வேலை முடியத் தாமதம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த கையோடு விஜியின் அம்மா, சீனித்தாய் அத்தை, புதுச் சேலை ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்துக் கட்டி, என் வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டார். தாலியோடு போனவள் எங்களுக்கு வீட்டுத் தெய்வம். வருஷம் திரும்பும்வரை பெட்டியைத் தொடக் கூடாது. விஜியின் போனும் அதற்குள்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலக் கருக்கலில் மணி அடித்தது.

'விஜி வீட்டுக்கு வந்துவிட்டார்.'

பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. அவள் சாகக் கிடந்தபோது ஊமையாக இருந்த சனியனுக்கு இப்போது என்ன பேச்சு?

விடிந்ததும் 'கிளம்பிவிட்டார்.' கருக்கலில் 'வந்துவிட்டார்.' கோளாறு. பெட்டிக்குள் சார்ஜ் தீர்ந்தால் அடங்கும் என்று பொறுத்தேன். அடங்கவில்லை. என் போனில் அழிக்கப் போனால் அதற்கு வழியே வைக்கவில்லை. முடக்கினேன். மறுநாள் தானே விழித்துக்கொண்டது.

பிறகு சத்தம். மணி அடித்த கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் டங்... வேலை விட்டு வந்ததும் அவள் பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம். பூனை என்று சொல்லிக்கொண்டேன்.

சொம்பு ஈரமாக இருந்தது.

போனைத் தூக்கிக்கொண்டு செல்வகணேஷிடம் போனேன். சிரித்தான்.

"இது கம்பெனிக்காரன் குடுத்துவிட்ட சீதனம், அண்ணாச்சி. லேசுல போவாது."

கம்ப்யூட்டரில் மாட்டி வேரோடு எடுக்கச் சொன்னேன்.

"எடுத்தா திரும்பக் கெடைக்காது. யோசிச்சுக்கிடுங்க."

"எடுலே."

அப்போது அவன் மேஜையில் மணி அடித்தது. 'விஜி வீட்டுக்கு வந்துவிட்டார்.' படித்துவிட்டு என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றிருந்தது. ஒரு தட்டு. போயிற்று.

பஸ் ஏறும் முன் அத்தைக்குப் போன் போட்டேன். பெட்டியிலிருந்து அவள் போனை மட்டும் எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"பெட்டில ஏது போனு, மாப்ள? மாலைக்கு அடியில அவ கைக்குள்ள வச்சுல்லா அனுப்புனேன். அங்கன தனியா கெடப்பாளேன்னு..."

குழிக்குள்.

வீட்டுக்கு வந்தேன். நான் பூட்டிய பூட்டு அப்படியே இருந்தது.

உள்ளே... டங்.

அவள் வந்தது தெரியும்.

கிளம்பினாளா என்று சொல்ல இப்போது எதுவும் இல்லை.