அண்ணன் பெயரில் ஒரு மைதானம்

கொழும்பிலுள்ள அந்தச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்தின் வரலாற்றைப் புத்தகமாக அச்சிடப் போகிறார்களாம். ஓய்வுபெற்ற ஊழியர்கள் நினைவிலுள்ளதை எழுதி அனுப்ப வேண்டுமாம். அங்கே ஆடுகளம் பராமரித்த என் மனைவியின் தம்பி, கடிதத்தோடு ஹல்துமுல்லையிலிருந்து பதுளைக்கு பஸ் ஏறி வந்தான். ஆயுள் முழுக்க மாவட்டக் கச்சேரியில் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய நான்தான் எங்கள் குடும்பத்தின் இலவச மனு எழுத்தாளன்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கிழக்கு மூலை முன்பு சதுப்பு நிலம். ஆடுகளத்துக் களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து லொறியில் வரும். கையால் உடைத்துச் சலிப்பார்கள். முதல் சர்வதேசப் போட்டிக்கு முந்தைய வாரம் விடாத மழை. தார்ப்பாயில் தேங்கிய நீரை வாளியால் இறைத்தவர்களை, ஆட்டம் தொடங்கிய காலையில் விருந்தினர் கண்ணில் படாமல் பின்வாசலால் அனுப்பினார்களாம். திறப்பு விழாப் பேச்சுகளில் இதெல்லாம் வருவதில்லை.

கடைசியில் முழுப்பெயருக்கும் கையொப்பத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

"இதுல மட்டும் என் பேரப் போட்டுரலாமா மச்சான்?" என்றான்.

அங்கே அவன் அண்ணன் பெயரில்தான் வேலை செய்தான். அண்ணனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அடையாள அட்டை வந்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனான். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பலரையும் போலத் தம்பிக்கு எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. அட்டை தகரப் பெட்டியில் கிடந்தது, முகச்சாடையும் ஒன்று. இறப்பைப் பதியும் கந்தோரும் அட்டை கொடுக்கும் கந்தோரும் பேசிக்கொள்வதில்லை. அரசாங்கம் எங்கள் ஆட்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அது. பிறகு சட்டம் மாறி மற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வந்தபோது, அவன் ஏற்கெனவே வேறொருவனாகப் பிரஜை ஆகியிருந்தான்.

நடைமுறையை விளக்கினேன். சத்தியக்கடதாசி, கிராம சேவகரின் சான்றிதழ், திணைக்களத்துக்கு விண்ணப்பம். எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான்: வேலை செய்தவன் உயிரோடில்லை, உயிரோடிருப்பவன் வேலை செய்யவில்லை.

"சும்மாதான் கேட்டேன். அண்ணன் கிரிக்கெட் மட்டையக் கண்ணால பாத்ததில்ல. இப்ப சரித்திரத்துல வரப்போறான். குடுத்து வச்சவன்." சிரித்துக்கொண்டே அண்ணன் பெயரை அழகாகக் கையொப்பமிட்டான்.

புத்தகம் வந்தது. படத்தில் அவன், கீழே அண்ணன் பெயர். அவன் அதைத் தோட்ட லயத்து வீடுகளில் ஒருவருக்கும் காட்டவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சு நோயில் போய்விட்டான். மைதானக் கந்தோருக்கு அண்ணன் பெயரிலேயே அறிவித்தேன். இறப்புப் பதிவுக்கும் அதே பெயர்தான். ஆனால் மரணத்தை அறிவித்து ஊர்ச் சந்தியில் கட்டும் வெள்ளைப் பதாகைக்கு எந்த ஆவணமும் வேண்டியதில்லை.

"அதுலயாவது அவன் சொந்தப் பேர எழுதுங்க" என்றாள் மனைவி.

எழுதிக் கொடுத்தேன். சான்று கேட்காமல் நான் எழுதிய முதல் பெயர் அது. படம் போட நேரமிருக்கவில்லை.

மைதானத்தில் அவனோடு உருளை இழுத்த இருவர் கொழும்பிலிருந்து மலர்வளையத்தோடு வந்திருக்கிறார்கள். வீடு தெரியாமல், பதாகைக்கு அடியிலிருந்த தேநீர்க் கடையில் அண்ணன் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள்.

"அவரு செத்து நாப்பது வருசமாச்சேங்க" என்றிருக்கிறார் கடைக்காரர். அவர்கள் ஊர் மாறி வந்துவிட்டதாக நினைத்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

கருமாதியன்று கடைக்காரரே இதை என்னிடம் வேடிக்கையாகச் சொன்னார்.

"செத்தவரு பேரக்கூட ஒழுங்காக் கேட்டுக்கிட்டு வரமாட்டாங்க போல, இந்தக் கொழும்பு ஆளுங்க."

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.