பதினொண்ணு இல்லை, பதினாலு

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், காயத்துக்குக் கட்டுப் போடும் அறைக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் ராஜா. பெற்றோர் வைத்த பெயர் சட்டைப்பை அட்டையில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் 'முடிச்சு'. அவர் போடும் கட்டின் முடிச்சு அப்படி. படுத்துப் புரண்டாலும் அவிழாது. ஆனால் அவர் கை நுனியைத் தொட்டு இழுத்தால் வலியே தெரியாமல் கழன்று வந்துவிடும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவருடைய அக்குள் காயத்துக்குள் வைத்த துணியை எடுக்க மறந்துவிட்டார். அது உள்ளேயே சீழ் பிடித்து, அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. அன்றிலிருந்து கட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பொம்மை வரைவார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எங்கெல்லாம் துணி வைத்தாரோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. கண், மூக்கு இல்லாத அந்தப் பொம்மைகளைப் பார்த்து நர்ஸுகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அதற்கப்புறம் ஒரு துணிகூட எவர் உடம்பிலும் தங்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஜன்னலெல்லாம் அடைத்த கட்டடம் ஒன்று இருந்தது. பாதுகாப்புத் துறையின் விசாரணை அலுவலகம் என்று பலகை சொன்னது. ஜனங்கள் 'அந்தக் கட்டடம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கிருந்து மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர், கோர்ட்டுக்குப் போகும் வழியில் இங்கே வருவார்கள். காயப் பதிவேட்டில் 'எப்படி ஏற்பட்டது' என்ற கட்டத்துக்கு நேரே பழைய டாக்டர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதினார்கள்: குளியலறையில் வழுக்கி விழுந்தார். அந்தக் கட்டடத்துக் குளியலறையில் என்னதான் ஊற்றிக் கழுவினார்களோ, வருஷக்கணக்காக ஆட்கள் வழுக்கிக்கொண்டே இருந்தார்கள். முடிச்சு வாயைத் திறக்கவில்லை. கட்டுப் போட்டார், பொம்மை வரைந்தார், வீட்டுக்குப் போனார்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் சின்ன டாக்டர் வந்து சேர்ந்தாள். அவருடைய மகளைவிட ஆறேழு வயது கூட இருந்தால் அதிகம். முதல் வாரமே பதிவேட்டில், 'காவலில் அடித்ததாகச் சொல்கிறார். காயங்கள் ஒன்பது' என்று எழுதி, கீழே கையெழுத்தையும் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியே ஆடிப்போயிற்று. வக்கீல்கள் தேடி வந்தார்கள். பத்திரிகையில் அவள் படம் வந்தது. யாரோ கூட்டம் போட்டு விருதும் கொடுத்தார்கள்.

முடிச்சுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைத்துச் சொல்வதில் லாபமில்லை. அவர் மனைவியோ அந்தப் படத்தை அழகாக வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனால்கூட சின்ன டாக்டர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

"யார் வீட்டு ஃப்ரிட்ஜ் இது? என் படத்தை என்னிக்காவது ஒட்டியிருக்கியா?" என்றார்.

"உங்க படம் எந்தப் பேப்பர்ல வந்துச்சு, சொல்லுங்க, வெட்டிடறேன்" என்றாள் மனைவி. மகள் வேறு சிரித்தாள்.

படமும் விருதும் இல்லை அவரைக் குடைந்தது. அந்தப் பெண் பயப்படவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் விழுங்கி விழுங்கி வைத்திருந்ததை, வந்த வாரமே சர்வசாதாரணமாகப் பேனாவால் எழுதிவிட்டுப் போய்விட்டாள். அதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலையில் பெயிண்டரைக் கொண்டுவந்தார்கள். வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன், முப்பது வயது. யாரோ ஒருவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்குத் தெரியவில்லை. கூட வந்த சாம்பல் சட்டைக்காரர் அந்தக் கட்டடத்து அதிகாரி. "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர் வாசலிலேயே நின்று விரட்ட, சின்ன டாக்டர் ஐந்தே நிமிஷத்தில் பார்த்து, 'காயங்கள் பதினொன்று' என்று எழுதிக் கட்டுப் போட அனுப்பினாள்.

முடிச்சு அவனைப் பார்த்ததும் முதலில் கவனித்தது செருப்பைத்தான். செருப்பு இல்லை, ஷூ. சட்டை கந்தல், காலில் மட்டும் புத்தம்புது ஷூ. கழற்றினார். இரண்டு உள்ளங்காலிலும் பிரம்பு பட்ட தடிப்பு. வலதில் இரண்டு, இடதில் ஒன்று. தோல் கிழிந்திருந்தது. கழுவி, மருந்து வைத்து, தன் முடிச்சைப் போட்டார். நோட்டில் பொம்மையை வரைந்து எண்ணினார். பதினாலு.

பக்கத்து அறைதான். நாலு எட்டு நடந்து போய், "டாக்டர், காலைப் பாக்கலையே நீங்க" என்று சொல்லியிருக்கலாம். பெரிய விருதுக்காரி, அவளுக்கே எல்லாம் தெரியுமே என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சத்தியமாக, அந்த நேரத்தில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

மறுநாள் சாம்பல் சட்டைக்காரர் தனியாக வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தம்மா பதினொண்ணுன்னு எழுதியிருக்கு. நீதானே கட்டுப் போட்டே? சரியா அது?"

முடிச்சுக்கு நாக்கு நிற்கவில்லை. "எங்க சார் சரி? தப்பு. அவங்களுக்கு எண்ணவே தெரியலை."

சாம்பல் சட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்தான் என்பது அவர்கள் கதை. இல்லாத காயத்தையெல்லாம் டாக்டர் இட்டுக்கட்டினாள் என்று ஆஸ்பத்திரி ஆளே சொன்னால் போதும், பெயிண்டரை இன்னும் பத்து நாள் விசாரிக்கக் கேட்டு வாங்கிவிடலாம்.

"இதையே நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்லு. இத்தனை வருஷமா நீ எங்களுக்கு ஒத்துழைச்சவன், எனக்குத் தெரியும்" என்றார். எழுந்து போகும்போது, "பொண்ணு பதினேழாம் நம்பர் பஸ்லதானே காலேஜ் போகுது? நல்லாப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எண்ணத் தெரியலைன்னு நீங்க சொன்னா, அந்தப் பெயிண்டரை எங்க அனுப்புவாங்க?"

"வேற எங்க, அந்தக் கட்டடத்துக்கேதான்."

"திரும்பியா?"

அவள் நறுக்கிய வெங்காயத்தை வழித்துக்கொண்டு போனாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோர்ட்டு அறையில் காற்றாடி கடகடவென்று ஓடியது. ஒரு பக்கம் சாம்பல் சட்டைக்காரர். மறுபக்கம் சின்ன டாக்டர், முடிச்சைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள். இவர் எந்தப் பக்கத்துச் சாட்சி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு காவலர்கள் பெயிண்டரைத் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்கள். காலில் இன்னும் அதே புது ஷூ.

நீதிபதி ஒரு வயதான அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "டாக்டர் எழுதினது தப்புன்னு நீங்க சொல்றதா மனுவுல இருக்கு. அப்படியா?"

"ஆமாங்கம்மா. தப்பு."

சாம்பல் சட்டைக்காரர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எப்படித் தப்பு?"

பதினேழாம் நம்பர் பஸ் முடிச்சின் கண்ணுக்குள் வந்து நின்றது. சின்ன டாக்டரைப் பார்த்தார். நேராக நிமிர்ந்து நின்றாள், அவருக்கு எரிச்சலாக வந்தது. நோட்டை எடுத்தார்.

"பதினொண்ணு இல்லைங்கம்மா, பதினாலு. டாக்டர் உள்ளங்காலைப் பாக்கலை. நான் பாத்தேன்."

நீதிபதி ஷூவைக் கழற்றச் சொன்னார். காவலர்கள் கை வைக்கப் போக, "நீங்க தொடாதீங்க" என்று சொல்லி முடிச்சு தரையில் உட்கார்ந்தார். பெயிண்டரின் காலைத் தன் தொடையில் வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி, கட்டின் நுனியை இழுத்தார். கட்டு கழன்றது. நீதிபதி இருக்கையை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். பெயிண்டர் சுவரைப் பார்த்து அழுதான்.

"சாரத்துலேந்து விழுந்தா உள்ளங்கால்ல கோடு விழாதுங்கம்மா" என்றார் முடிச்சு.

"இது மாதிரி வேற நோட்டு இருக்கா?"

"வீட்டுல முப்பத்தொண்ணு இருக்கு. வழுக்கி விழுந்தவங்க எல்லாரும் அதுல இருக்காங்க."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"பயந்தாங்க."

பெயிண்டரை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பக் கூடாது, நோட்டுகள் அத்தனையும் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று நீதிபதி எழுதினார். சாம்பல் சட்டைக்காரர் வெளியே போகும்போது முடிச்சை ஒரு தடவை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவ்வளவுதான்.

பத்திரிகையில் மறுநாள் பெரிதாக வந்தது. சின்ன டாக்டரின் படம்தான். 'மருத்துவமனை ஊழியர் ஒருவரும் சாட்சியம் அளித்தார்' என்று கடைசியில் ஒரு வரி. முடிச்சு அதை நாலு தடவை படித்துவிட்டு மடித்து எறிந்தார். மனைவி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அன்று காலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, ஒருவன் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் மகளோடு தானும் பஸ் ஏறி, காலேஜ் வாசல்வரை போய் விட்டுவிட்டு வந்தாள். இனி தினமும் போவேன் என்றாள்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்திலிருந்து இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஸ்கூல் வாத்தியார். இந்தத் தடவை சின்ன டாக்டர் பதிவேட்டோடு நேராகக் கட்டுப் போடும் அறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க முதல்ல பாருங்க. எத்தனைன்னு சொல்லுங்க, நான் எழுதறேன்."

அவர் பார்த்தார். காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், உள்ளங்காலில், அவசரமே இல்லாமல். பொம்மை வரைந்தார். "ஏழு" என்றார்.

அவள் எழுதினாள். பிறகு பேனாவை அப்படியே நிறுத்திக்கொண்டாள். "எண்ணினது யாருன்னு உங்க பேரையும் போடலாமான்னு நினைச்சேன். ஆனா அவங்க இதைப் படிப்பாங்க. வீட்டுல கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்லுங்கண்ணா."

முடிச்சு பதிவேட்டை வாங்கிப் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினார். எட்டு மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் பெயர் மட்டும், தனியாக, கீழே. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பயமும் இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"போடுங்க" என்றார். "என் பேரை உங்க பேருக்கு மேல போடுங்க."