ஒரு சண்டைக்காக எடுத்த நெட்

மட்டாஞ்சேரி சங்கரிக்குப் புருஷனோடு ஒரு சண்டை பாக்கி இருந்தது, நாலு வருஷமாக.

புருஷன் ஒச்சப்பன் ஷார்ஜாவில் ஓட்டல் சமையற்காரன். ஞாயிறுதோறும் டெலிபோன் கார்டு போட்டுக் கூப்பிடுவான். "சுகமா?" "சுகம்." பிள்ளையின் காய்ச்சலைச் சொல்லி முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஓடும்போது யாரால் மனசுவிட்டுச் சண்டை போட முடியும்? கோபப்பட்டு, அழுது, சமாதானமாக ஒரு மணி நேரமாவது வேண்டாமா? எழுதலாமென்றால் ஒச்சப்பனுக்கு வாசிப்பு ஏறாது.

அவனுடைய கான்ட்ராக்ட் அந்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்குள் அவனைத் திட்டியாவது ஊருக்கு வரவழைத்துவிட வேண்டும்.

அப்போதுதான் கேபிள் டிவிக்கார அனீஷ் வீடுவீடாக நெட் கொடுக்க வந்தான். "அன்லிமிட்டட் சேச்சி! மீட்டரே இல்ல. எத்தர நேரம் வேணும்னாலும் பேசலாம்."

இஞ்சிக் கிடங்கில் வாங்கும் சம்பளத்தில் பாதி போனது. போகட்டும். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒச்சப்பன் கொடுத்தனுப்பிய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மைக் மட்டும் வாங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம், "வீட்டுல நெட் எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை நீங்க நெட் கடைக்கு வாங்க, எல்லாம் பேசணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை திரையில் அவன் பெயர் வந்தது. நெட்டில் தேடினால் சினிமாப் படம் வந்தது, சாமிப் படம் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அனீஷ் வந்து தலையைச் சொறிந்தான். "லைன்ல குழப்பமில்ல சேச்சி. பேசறத மாத்திரம் கம்பெனி அடைச்சு வெச்சிருக்கு. பிசினஸ் பேக்கேஜ் எடுத்தா திறக்கும். இதுக்கு நாலு மடங்கு."

"அப்போ அன்லிமிட்டட்னு சொன்னது?"

"பார்க்கறதுக்கு."

சங்கரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரசீதில் கம்பெனியின் புகார் நம்பர் இருந்தது. அதற்கு மட்டும் கட்டணமில்லை. சுழற்றினாள். ஜிஷா என்று ஒரு பெண் எடுத்தாள்.

"காசு வாங்கி வாசலைத் திறந்துட்டு, எந்த அறைக்குப் போகணும்னும் நீங்களேதான் சொல்வீங்களா?" என்று ஆரம்பித்தவள் எங்கெங்கோ போய்விட்டாள். "நாலு வருஷமா ஒத்தையில கிடக்கேன். அப்பா எங்கேன்னா பிள்ளை டெலிபோனைக் காட்டுறான். யாருக்கு வேணும் உங்க காசு? வந்து தொலைங்க!"

ஜிஷா மெதுவாகக் கேட்டாள்: "சேச்சி, வேற புகார் ஏதாவது உண்டா?"

ஞாயிறு வந்தது. சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிடத் தயாராக நின்றாள். ஒச்சப்பன் முந்திக்கொண்டான்.

"சத்தம் சரியாயிடும், விடு சங்கரி. நீ நெட் எடுத்தேன்னு சொன்ன மறுநாளே தைரியமா கையெழுத்துப் போட்டுட்டேன். இனிதான் தினமும் பேசலாமே! ரெண்டு வருஷம் என்ன, ஓடியே போயிடும்."

கார்டில் இன்னும் நிமிஷம் மிச்சமிருந்தது.

"சுகமா?" என்றான்.

"சுகம்" என்றாள்.