சரிவில் எங்களைப் படமெடுத்தவர்

மலையடிவார ஊரான ஆயர் ஈத்தாமில் நான் புவியியல் ஆசிரியை. மலையை வெட்டி வீடு கட்டினால் மண்ணுக்கு என்ன ஆகும், லாபம் யாருக்கு என்பதை நேரில் பார்க்கட்டும் என்று, பதினான்கு வயது இரண்டாம் படிவ மாணவர்களை மரங்கள் வெட்டப்பட்ட ஒரு சரிவுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே நின்ற ஒருவர் எங்களைக் கைப்பேசியில் படமெடுத்தார். அங்கே வீடு கட்டும் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆள் என்றே எனக்குப் பட்டது.

“யாரு அனுப்புனா டீச்சர்? பேப்பர்காரங்களா?” என்று கேட்டார்.

“பாடம் நடத்த வந்தோம் அண்ணே. நீங்க ஏன் படம் எடுக்கிறீங்க?”

“நேத்து நல்ல மழை லா. பிள்ளைங்கள இங்க நிக்க விடாதீங்க” என்றார்.

எங்களை விரட்டச் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். பிள்ளைகள் மிரண்டதால்தான் இறங்கினேன். அவரும் பின்னாலேயே வந்தார். சாலையை அடைந்தபோது பெரும் சத்தம் கேட்டது. நாங்கள் நின்றிருந்த இடத்தைச் செம்மண் மூடியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று எண்ணினேன். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்.

சரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் படம் யாருக்குப் போனது? இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்போதெல்லாம் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதற்கு முதல் நாளே தனியாகப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வருகிறேன். மலைச்சரிவுப் பாடத்தை மட்டும் சரிவுக்கு எதிரே உள்ள அடுக்குமாடி வீடுகளின் மாடி நடைபாதையில் நின்றுதான் நடத்துகிறேன்.