டொக்டர் தோற்ற தேர்தல்

என் கணவர் நல்ல டொக்டர், சுமாரான வியாபாரி, அரசியலில் படு முட்டாள். இதை அவர் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். ஆகவே எழுதுவதில் பிழையில்லை.

கலியாணம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தோம். பன்வில போகிற வழியில் ஒரு சின்ன டவுன். ஒரே கட்டடத்தில் இரண்டு கதவு. வலப்பக்கம் டிஸ்பென்சரி, இடப்பக்கம் கடை. சுருட்டு, பனங்கட்டி, கருவாடு என்று ஊரிலிருந்து லொறியில் வருகிற எல்லாம் அங்கே கிடைக்கும். இடப்பக்கம் சுருட்டு வாங்கியவர் வலப்பக்கம் வந்து இருமினால் தொலைந்தார். இவர் சுருட்டைப் பறித்துக் கடையில் திரும்ப வைத்த பிறகுதான் நெஞ்சில் குழாயை வைப்பார். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று கேட்டேன். என்னவோ, உருப்பட்டது. எனக்கும் அந்தக் குளிர் பிடித்துப்போனது. முன்னால் ரோசாச் செடி வைத்தேன். நான் அங்கே சந்தோசமாக இருந்தேன், ஒப்புக்குச் சொல்லவில்லை.

மருந்துக்கு வருபவர்கள் போத்தல் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். இல்லாதவர்களுக்கு இவர் கொடுப்பார். போத்தலின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டப்படும். ஆறு வேளை மருந்தென்றால் கடதாசியின் ஓரத்தில் ஆறு வெட்டு. எழுத்துத் தெரியாதவரும் ஒரு வெட்டளவு மருந்தை ஊற்றிக் குடிக்கலாம். கடதாசி வெட்டுவது என் வேலை. என் கத்திரிக்கோலை வேறு யாரும் தொட விடமாட்டேன்.

ஓடைத் தண்ணீரைக் குடித்து வயிற்றோட்டம் வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தே இவர் களைத்துப்போனார். தண்ணீர்க் குழாய் கேட்டுப் பட்டின சபைக்கு மனு மேல் மனு எழுதினார். பதில் இல்லை. ஒருநாள், "நானே சபைக்குப் போறன்" என்று வெளிக்கிட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றேன்.

"நீர் சும்மா இரும். வெண்டு காட்டிறன்."

பின்னேரம் ஆனதும் வாக்குக் கேட்டு மலையேறி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய்விடுவார். தோட்டத்துத் தமிழர்கள்தான் இவருடைய நோயாளிகளில் பெரும்பங்கு. மாலை போட்டார்கள், தப்பு அடித்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். "நாங்க எல்லாரும் ஐயா பக்கம்தான்" என்று தோட்டத்துக் கங்காணி சொன்னாராம். மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேர்தலுக்கு முதல்நாள் பக்கத்துப் புடவைக்கடை ஹாஜியார் வந்தார். அவருடைய ஆட்கள் அந்த ஊரில் பல தலைமுறையாக இருப்பவர்கள்.

"டொக்டர், மேல லயத்துக்கெல்லாம் போறீங்களே, அந்த ஆக்களுக்கு வோட்டு இருக்கா?"

"எல்லாருக்கும் கடதாசி வந்திட்டுது எண்டவை. எனக்குக் காட்டினவை."

"அல்லாவே, அது பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட துண்டு. பிரஜாவுரிமை கெடைக்கும்வரை வாக்காளர் இடாப்புல பேரே வராது."

இவர் கதிரையில் இருந்துவிட்டார். வருகிறவர்களின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற மனுசன், கடதாசியை விரித்துப் பார்க்கவில்லை. பிறகு கங்காணியிடம், "ஏனப்பா சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கலீங்களே ஐயா. அம்புட்டு தூரம் ஏறி வந்தவங்கள எப்படி மனசு நோக அனுப்புறது?"

இவருக்கு அறுபத்தொரு வாக்குத்தான் விழுந்தது. அதில் இரண்டு எங்களுடையது. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும், "இந்த ஊருக்கு நான் வெளியாள்தான்" என்று அதற்குப் பிறகு அடிக்கடி சொல்லத் தொடங்கினார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

பிறகு தமிழர்களைத் தேடி அடித்த எழுபத்தேழுக் கலவரம் வந்தது. ஹாஜியார் பின்மதிலால் எங்களை இழுத்தெடுத்து, தன் கடை மேல்மாடியில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே மூன்று நாள் வைத்திருந்தார். வந்தவர்கள் எங்கள் கடையைக் கொள்ளையடித்தார்கள். டிஸ்பென்சரியில் கொண்டுபோக ஒன்றுமில்லை, அதனால் உடைத்தார்கள். திரும்பிப் போனபோது நிலமெல்லாம் கண்ணாடி. மருந்து வாசம் தெரு வரைக்கும் அடித்தது.

"போவம்," என்றார் இவர். "நான் வெளியாள் எண்டு ரண்டு தரம் சொல்லிப்போட்டாங்கள். வெள்ளிக்கிழமைக்கு லொறி பேசியாச்சு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வாக்குப் போடாதவர்களும் கல் எறிந்தவர்களும் இவருக்கு ஒன்றா? என் ரோசாச் செடியை விட்டுவிட்டு நான் எங்கே போவது? சண்டை பிடித்தேன். மனம் உடைந்துபோனதை அவர் சொல்லவில்லை. "போத்தல் ஒண்டும் இல்லை. மருந்தை உள்ளங்கையிலயோ ஊத்திக் குடுக்கிறது?" என்றார்.

செவ்வாய்க்கிழமை லயத்திலிருந்து ஒரு பெண் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர்களும் அந்த நாட்களில் தேயிலைச் செடிக்குள்தான் படுத்துக் கிடந்தார்களாம். இவர் அலுமாரி மூலையில் தப்பிக் கிடந்த குளிசையைக் கொடுத்தார். வாசலில் வைத்து நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"டொக்டர் ஊருக்குப் போகப் போறார். போத்தல் இல்லையாம்."

"அப்படீங்களாம்மா," என்றாள். போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

வியாழன் காலை கதவைத் திறந்தால் தெருவில் வரிசை. காய்ச்சல்காரர் யாருமில்லை. ஒவ்வொருவர் கையிலும் போத்தல். சாராயப் போத்தல், சர்பத் போத்தல், பிள்ளைக்குக் கொடுக்கிற வயிற்று மருந்துப் போத்தல், எல்லாம் சாம்பல் போட்டுக் கழுவியது. கங்காணி ஒரு சாக்கே சுமந்து வந்திருந்தார். பாதிப் போத்தல்கள் எங்களுடையவை. நான் வெட்டி ஒட்டிய கடதாசி, மஞ்சளாகிப்போய், அப்படியே இருந்தது.

"போத்தல் இல்லன்னு சொன்னாங்க ஐயா," என்றார் கங்காணி. "இப்ப இருக்குங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு உடைந்த மேசையில் போத்தல்களை அடுக்கினோம். மேசை போதாமல் நிலத்திலும் வைத்தோம். "எத்தினை?" என்று கேட்டார். எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு.

"உங்களுக்கு விழுந்த வாக்கைவிட ரண்டு மடங்குக்கு மேலே," என்றேன்.

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு லொறி வேண்டாமென்று லொறிக்காரனுக்குச் சொல்லி அனுப்ப ஹாஜியார் கடைக்குப் போனார். நான் கத்திரிக்கோலைத் தேடி எடுத்து, கடதாசி வெட்ட உட்கார்ந்தேன்.